உங்களுக்குத் தெரியுமா? சாந்தே இல்லாமல் நிற்கிறது செகோவியாவின் பாலம்!

மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரம்தான், செகோவியா வந்துவிடும். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்க்கவைப்பது, சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் கட்டிய கால்வாய்ப் பாலம். ஏறத்தாழ 28 மீட்டர் உயரம். அதன் கருங்கற்களுக்கு இடையே சுண்ணாம்போ சாந்தோ துளியும் கிடையாது! வளைவுகளில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, மேலே உள்ள பாரமே அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. கற்களில் தெரியும் சிறு குழிகளைத் தவறவிடாதீர்கள். தூக்கும்போது இடுக்கி பற்றிக்கொள்வதற்காக வெட்டியவை அவை. எத்தனை நுணுக்கமான வேலை!

மலையிலிருந்து வந்த தண்ணீர் இதன்மேல் ஓடித்தான் ஊரை அடைந்தது. இடையில் இடிந்துபோன 36 வளைவுகளை 15-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். 1985-இல் பழைய நகரத்தோடு சேர்த்து இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அதிர்வு பாதிக்காமலிருக்க இன்று வளைவுகளுக்கு அடியில் வாகனங்கள் செல்லத் தடை.

ஊரின் மறுமுனையில் அல்காசர் கோட்டை. கொலம்பஸின் கடற்பயணத்துக்கு ஆதரவளித்த இசபெல்லா, 1474-இல் காஸ்டைலின் அரசியாகப் பிரகடனம் செய்யப்பட்டது இதே ஊரில்தான்.