ஒரு குடும்பம் - இரண்டு கணக்கு!

பிழைப்புக்காகப் பிரிந்திருப்பது உழைப்பவன் வீட்டில் எங்கும் நடப்பது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் அப்படித்தான்!

கணவன் நியூயார்க்கில் ஆலைத் தொழிலாளி. மனைவி ஃபுளோரிடாவில் மருத்துவமனைத் தாதி. அவரவர் ஊரில் நிலையாகக் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிக் கணக்கைச் சேர்ந்து கொடுப்பதா, தனித்தனியாகவா?

சாதாரணக் கேள்வியா இது? இதன் பின்னே ஒரு வரலாறே இருக்கிறது, தோழர்களே!

1930-இல் வாஷிங்டன் மாநிலத் தம்பதியரின் வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் சென்றது. அந்த மாநிலச் சட்டப்படி, கணவன் சம்பாத்தியத்தில் பாதி மனைவிக்குச் சொந்தம். ஆகவே ஆளுக்குப் பாதியாகக் கணக்குக் காட்டலாம் என்றது நீதிமன்றம். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் நாட்டில், பாதியாகப் பிரித்தால் வரி குறையும். அத்தகைய சட்டமில்லாத மாநிலத்தவன் என்ன செய்வான்? முழுச் சம்பளத்துக்கும் அவன் ஒருவனே வரி கட்டினான். அதே சம்பளம், அதே மத்திய சர்க்கார்; வரியோ வேறு! மாநிலத்துக்கு ஒரு நீதியா? ஓக்லஹோமா, மிச்சிகன், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்கள் இதற்காகவே தங்கள் சொத்துச் சட்டத்தை மாற்றிக்கொண்டன. கடைசியில் 1948-இல், எல்லா மாநிலத் தம்பதியரும் சேர்ந்து கணக்குக் கொடுத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது.

இன்றைய நிலை என்ன? மத்திய வரிக்குச் சேர்ந்து கொடுத்தால், 2025-ஆம் ஆண்டு வருமானத்தில் 31,500 டாலர் பொதுக் கழிவு. தனித்தனியாகக் கொடுத்தால் ஆளுக்கு 15,750. கூட்டினால் இரண்டும் ஒன்றே! ஆனால் தனித்துக் கொடுப்போருக்குக் கல்விக் கடன் வட்டிக் கழிவும் கல்விச் செலவுச் சலுகையும் இல்லை. அப்படியானால் சேர்ந்து கொடுப்பதே நல்லதா? பெரும்பாலும் ஆம். ஆனால், சேர்ந்து கையெழுத்திட்டால் முழு வரிக்கும் இருவருமே பொறுப்பு. ஒருவர் மறைத்த வருமானம் மற்றவர் தலையிலும் விடியலாம். கெடு தேதி கடந்தபின், தனிக் கணக்கைச் சேர்ந்த கணக்காக மாற்ற மூன்றாண்டு அவகாசம் உண்டு; சேர்ந்த கணக்கைப் பிரிக்க வழியில்லை.

மாநில வரியில்தான் பெரிய கண்ணி! ஃபுளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லை; நியூயார்க்கில் உண்டு. மத்திய சர்க்காருக்குச் சேர்ந்து கணக்குக் கொடுத்தாலும், ஒருவர் நியூயார்க் வாசி, மற்றவர் வெளிமாநில வாசி என்றால், நியூயார்க்குக்குத் தனிக் கணக்கே விதி. இருவரும் விரும்பினால் அங்கும் சேர்ந்து கொடுக்கலாம். ஆனால் இருவருமே நியூயார்க் வாசிகளாகக் கருதப்படுவர். மனைவி ஃபுளோரிடாவில் ஈட்டிய 50,000 டாலரும் நியூயார்க் வரிக்குள் வந்து விழும்! ஒரே ஒரு கட்டத்தில் போட்ட குறியால் வரும் வினை இது.

இன்னொன்று. வேலைக்காகச் சில காலம் ஃபுளோரிடா சென்றவர், நிலையான வீடு நியூயார்க்கில் என்றே வைத்திருந்தால், பொதுவாக அவரும் நியூயார்க் வாசியே. சம்பளம் வாங்கும் இடம் மட்டும் போதாது; குடியிருப்பும் மாறியிருக்க வேண்டும்.

செல்வனுக்குக் கணக்கர் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் கவனித்துச் சொல்வார். தொழிலாளிக்கு யார்? அவன் விழிப்புத்தான்! வியர்வை சிந்திச் சேர்த்த காசு, விதி தெரியாத குற்றத்துக்காகக் கரையலாமா? குறி போடுமுன் கேள்! கையெழுத்திடுமுன் படி!