சர்வர் அம்பத்தூரில், தாமதம் கைப்பேசியில்

1960களில் தொழிற்பட்டறைகளுக்கென அமைக்கப்பட்ட சென்னை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இன்று, இணையதளங்களின் கோப்புகளைத் தாங்கும் சர்வர்கள் இரவு பகலாக இயங்கும் தரவு மையங்களும் நிற்கின்றன. கடலடி வடங்கள் சென்னையில் கரையேறுவது இத்தொழிலுக்குத் துணையாயிற்று. என்டிடி நிறுவனம் 2023இலும், ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகியவற்றின் கூட்டு நிறுவனமான டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியிலும் இங்கே மையங்களைத் திறந்தன. கண்ணாடியிழை வடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், 13,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு கோரிக்கை போய்த் திரும்பக் குறைந்தது 130 மில்லிநொடி ஆகும். அம்பத்தூரிலிருந்து பக்கத்திலுள்ள ஆவடிக்கு ஒளி செல்லும் நேரமோ கணக்கிலேயே வராது.

ஆயினும் ஆவடியில் ஒருவர் விலை குறைந்த கைப்பேசியில் ஒரு தளத்தைத் திறக்கும்போது பக்கம் திணறுவதுண்டு. பக்கத்தை வரைவது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுவது, விரல் தொடுகைக்குப் பதில் தருவது ஆகியவற்றை உலாவி பெரும்பாலும் ஒரே செயல்தடத்தில் செய்வதால், நீண்ட நிரலொன்று அத்தடத்தைப் பிடித்துக்கொண்டால் பொத்தானை எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை. தொடுகைக்கும் திரையில் அடுத்த மாற்றம் தெரிவதற்கும் இடைப்பட்ட இந்நேரத்தை அளக்கும் ஐஎன்பி என்ற அளவுகோலை 2024 மார்ச்சில் கூகுள் தன் முதன்மை அளவீடுகளுள் சேர்த்தது. அது 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று, 500ஐத் தாண்டினால் மோசம். பூந்தமல்லியில் பெங்களூருப் பேருந்து ஏறுவோருக்குப் பழக்கமான பயணச்சீட்டுத் தளம் ரெட்பஸ், திரையை உருட்டும்போது ஓயாமல் ஓடிய நிரலை அடக்கியும், ஒரு தடவைக்குக் கொண்டுவரும் பேருந்துப் பட்டியலைச் சுருக்கியும் இந்த அளவீட்டைச் சீர்செய்தபின் விற்பனை 7 விழுக்காடு கூடியதாக அறிவித்தது.

இத்தகைய தாமதத்தைக் குறைக்கும் கருவிகள் சில உலாவிக்குள்ளேயே வந்துவிட்டன. ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, காத்திருக்கும் தொடுகைக்கு வழிவிட்டுப் பின் தொடரச் செய்யும் வசதி குரோமில் உள்ளது. திரைக்குக் கீழுள்ள படங்களை வாசகர் அவற்றை நெருங்கும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங், 2019இல் குரோமில் தொடங்கி இன்று முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது; முதலில் தெரியவேண்டிய தலைப்புப் படத்துக்கும் அதைப் போட்டு வேகத்தைக் கெடுத்துக்கொள்ளும் தளங்களும் உண்டு என்பது வேறு கதை. பக்கத்துக்கும் வலையமைப்புக்கும் இடையே நின்று, முன்பே இறக்கிய கோப்புகளைக் கைப்பேசியிலிருந்தே எடுத்துத் தரும் சர்வீஸ் வொர்க்கரை 2015இலேயே பிளிப்கார்ட் தன் ‘லைட்’ தளத்தில் பயன்படுத்தியது.

தமிழ்த் தளங்கள் போதிய அளவு கவனியாதது எழுத்துருவையே. தளத்தின் சொந்த எழுத்துரு வந்திறங்கும்வரை உலாவி எழுத்துகளை மறைத்து வைக்கிறது. குரோமில் இது 3 நொடி வரை நீளும். கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவில் செய்தியை உடனே காட்டிவிட்டு, பின்னர் சொந்த எழுத்துருவுக்கு மாறிக்கொள்ளுமாறு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். தமிழில் தளம் நடத்துவோர் இந்த வரியிலிருந்தே தொடங்கலாம். தொடங்கியபின் அலுவலக வைஃபையில் சோதிக்காமல், மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில், மொபைல் டேட்டாவில் தங்கள் தளத்தைத் திறந்து பார்க்கவேண்டும்.