பயிற்சிக்கு அழைக்கப்படாதவர்கள்

2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், எம்.கே.பி. நகரில் நாங்கள் சந்திக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை எவரும் பயிற்சிக்கு அழைத்ததில்லை. வார்டில் அவர்கள் எதிர்கொள்வது பெரும்பாலும் சாதிப் பெயர் சொல்லி விழும் வசவை. சில வேளை மேற்பார்வையாளரிடமிருந்தே.

பட்டியல் சாதியினரைப் பிறர் அறிய அவ்வாறு இழிவுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவின்படி குற்றம். வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. மருத்துவமனை வன்முறைக்கு எதிரான 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தோடு இவற்றையும் கற்பிக்க வேண்டும்: கேட்டவர் யாரென அன்றே குறித்துவைத்தல், நேரே காவல் நிலையத்தில் புகாரளித்தல். புகாரளித்தவரை ஒப்பந்ததாரர் பணிநீக்கம் செய்யக்கூடாதென ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், கற்றதை எவரும் பயன்படுத்தத் துணியமாட்டார்கள்.