பச்சைக் கொம்பை நம்பாதீங்க

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் சர்வீஸ் ஒயர் அறுந்து வரப்பில் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கிளுவை வேலியில் ஒரு கொம்பை வெட்டிக்கொண்டு ஒயரை ஒதுக்கப் போனார். "மரத்துல கரண்டு பாயாதுப்பா, நீ சும்மா இரு" என்றார். அண்ணி போட்ட சத்தத்தில்தான் நின்றார்.

அவர் சொன்னது பாதிதான் சரி. காய்ந்த மரத்தில் கரண்ட் பாய்வது கடினம். பச்சைக் கொம்புக்குள் இருப்பது சாறு, அதாவது உப்புகள் கரைந்த தண்ணீர். நனைந்த மூங்கில், ஈரக் கயிறு, சேறு அப்பிய செருப்பு எல்லாமே அப்படித்தான். கொட்டகையில் பியூஸைப் பிடுங்கினாலும் பயனில்லை. அறுந்த ஒயருக்குக் கரண்ட் வருவது கம்பத்திலிருந்து. காய்ந்த குச்சியாலும் தொடாமல், ஆளையும் மாட்டையும் தள்ளி நிறுத்திவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

உங்கள் மண் பரிசோதனை அட்டையில் 'மின்கடத்தும் திறன்' என்று ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அதில் கரண்ட் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளப்பதுதான் அது. உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். சுத்தமான தண்ணீர் அதிகம் கடத்தாது; உப்புத்தண்ணீர் நன்றாகக் கடத்தும். நம் ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யாவும் கோமியத்து உப்புகள் நிறைந்தவை. கலக்கின கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு போங்க. ஈரத்தோல் கரண்டைத் தடுக்காது. ஒரு சின்ன எல்இடி பல்பு எரியத் தேவையான கரண்டே ஆளைக் கொல்லப் போதும்.

ஆனால் ஈரம் நமக்கு வேண்டிய இடம் ஒன்று உண்டு, எர்த் குழி. மோட்டார் பாடியில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதுதான். சித்திரை வெயிலில் மண் வறண்டால் கடத்தும் திறன் குறைந்துபோகும். அப்புறம் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால்தான் கம்பியைச் சுற்றிக் கரியும் உப்பும் போடுகிறார்கள். கரி கடத்தும், உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். கோடையில் அடிக்கடி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் வைக்கோல் மூடாக்கும் போடுங்கள். கத்திரிக்குத் தண்ணீர் கட்ட மறக்காத நாம் இதை மறந்துவிடுகிறோம். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீசியனிடம் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு நம்மைவிட ஆபத்து அதிகம். ஒயர் விழுந்த ஈரமண்ணில் அடிக்கு அடி வோல்டேஜ் மாறும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், அதனால் உடம்பு வழியே பாயும் கரண்டும் அதிகம். ஒயருக்குக் கிட்டத்தில் மாட்டிக்கொண்டால் எட்டு வைத்து ஓடாமல், கால் இரண்டையும் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல் நகர்ந்து வாங்க. கம்பத்து ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. அந்தக் கம்பியின் நடுவே முட்டை வடிவில் ஒரு பீங்கான் இருக்கும். மேலிருந்து கரண்ட் கீழே இறங்காமல் தடுப்பது அதுதான். அது உடைந்திருக்கிறதா என்று மாட்டுக்குத் தெரியாது. வேப்பமரத்தில் கட்டுங்க.