43-க்கு 13: ஜாகுவார் ஈ-டைப்பின் பின்னச்சுக் கணக்கு

பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், பெயின்ட்டைப் பற்றிப் பேசுவார்கள். பின்னச்சு ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கர ஜோடியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்தக் கார் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்குமா, காதைக் கிழிக்குமா என்பதில் பாதியை அதுதான் முடிவு செய்கிறது.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்வோம். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், நான்கு கியர். டாப் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்றுதான். டாப் கியருக்கும் மேலே எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடும் ஓவர்டிரைவும் கிடையாது. ஆகவே நெடுஞ்சாலையில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைப் பின்னச்சு ஒன்றே தீர்மானிக்கிறது.

அதன் வழக்கமான விகிதம் 3.31. அதாவது ஷாஃப்ட் 3.31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஏன் இப்படி ஓர் அரைகுறை எண்? 3 என்றோ 3.5 என்றோ வைத்திருக்கக் கூடாதா? கிரவுன் சக்கரத்தில் 43 பற்கள், பினியனில் 13. இந்த இரண்டு எண்களுக்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால் பினியனின் ஒரு பல், கிரவுனின் 43 பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தித்த பிறகே பழைய பல்லுக்குத் திரும்பி வரும். கிரவுனில் 39, பினியனில் 13 என்று வைத்திருந்தால், ஒரு பல் எப்போதும் அதே மூன்று பற்களோடுதான் உரசும். ஒன்றில் சிறு குறை இருந்தாலும் அந்த மூன்றையும் அது தின்றுவிடும். 43/14 (3.07), 46/13 (3.54) எல்லாம் இதே கணக்குத்தான். நெடுநாள் உழைக்க வேண்டிய பொருளுக்குள் எண் கணிதத்தை இவ்வளவு அழகாக ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எண் பெரிதானால் இழுவை கூடும். சிறிதானால் எஞ்சினுக்கு ஓய்வு. டயர் ஒரு சுற்றுக்கு 2.08 மீட்டர் உருள்கிறது என்று கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் 3.54 விகிதத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,840 சுற்று ஓட வேண்டும். 3.31-க்கு 2,650. 3.07-க்கு 2,460 போதும்.

இந்த எஞ்சினுக்கு அந்த வித்தியாசம் பெரிது. இதன் பிஸ்டன் 106 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய் வருகிறது, நீண்ட ஓட்டம். 5,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19 மீட்டரைத் தாண்டிவிடும். விரட்டினால் தவிக்கும், மெதுவாகச் சுற்றும்போதே தாராளமாக இழுக்கும். 1964-ல் வந்த 4.2 லிட்டர் எஞ்சினில் குதிரைத்திறன் அதே 265தான், முறுக்கு விசை மட்டும் கூடியது. பிரிட்டனில் விற்ற 4.2 கார்களுக்கு 3.07 பொருத்தினார்கள். அங்கே எம்1 நெடுஞ்சாலையில் 1965 டிசம்பர் வரை வேக வரம்பே இல்லை. அமெரிக்காவுக்குப் போன 4.2 கார்களில் பெரும்பாலும் 3.54, அங்கே சட்டென்று கிளம்பும் பிக்அப்தான் முக்கியம்.

அப்படியானால் இன்னும் இறக்கி 2.88 போட்டால் என்ன? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 3.8 காரின் முதல் கியர் 3.38. 3.31 பின்னச்சோடு பெருக்கினால் 11.2, 2.88 போட்டால் 9.7. மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறையைக் கிளட்ச்தான் தாங்க வேண்டும். உச்ச வேகமும் அதிகரிக்காது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், எஞ்சின் தன் முழுத் திறனைத் தரும் சுற்றை எட்டாமலே திணறி நின்றுவிடும்.

ஜாகுவாரின் மார்க் 2 கார் இதற்கு வேறொரு வழி காட்டியது. ஓவர்டிரைவ் உள்ள கார்களுக்கு 3.77 பின்னச்சு. ஓவர்டிரைவ் 0.778 என்பதால் நெடுஞ்சாலையில் அது 2.93 ஆகிவிடும். ஊருக்குள் இழுவை, வெளியே அமைதி. இன்று ஈ-டைப்பில் ஐந்து கியர் பெட்டி பொருத்துபவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும். ஐந்தாவது கியர் 0.8 அளவில் இருந்தால் 3.54-ஐ மாற்றாதீர்கள், அதுவே 2.83 ஆகிவிடும். 3.07-ஐயும் ஐந்தாம் கியரையும் சேர்த்துப் போடுவது வீண் செலவு. பழைய நான்கு கியர் பெட்டியே போதும் என்பவர்களுக்கு என் தேர்வு: 3.8-க்கு 3.31, 4.2-க்கு 3.07.

மாற்றும் முன் உள்ளே இருப்பது எது என்று பாருங்கள். ஹவுசிங்கின் மூடி போல்ட்டில் ‘43 13’ என்று பொறித்த சிறு தகடு இருக்கலாம். இல்லையென்றால் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, இரு சக்கரங்களையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். கோடு மூன்றேகால் சுற்றை விடச் சற்று அதிகம் வந்தால் 3.31, மூன்றரையைச் சற்றுத் தாண்டினால் 3.54.

கிரவுனும் பினியனும் ஜோடியாக இழைத்துப் பழக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பல்லில் வண்ணம் தடவி, பதிவு பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்த்துப் பொருத்தும் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஸ்பீடோமீட்டரையும் மறந்துவிடாதீர்கள். அது கியர் பெட்டியிலிருந்துதான் கணக்கு எடுக்கிறது. 3.54-ஐக் கழற்றி 3.07 போட்ட காரில் முள் 87 காட்டும்போது நீங்கள் உண்மையில் 100-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.