ஓடினால் கால் வலிப்பது ஏன்?

ஓட்டப் பயிற்சி செய்வோர் பலருக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட கணைக்காலில் வலி வருவதுண்டு. ‘ஓடிப் பழகினால் போய்விடும்’ என்று அதைப் பொறுத்துக்கொள்வோரே மிகுதி. ஆனால், இவ்வலிக்குக் காரணம் ஒன்றன்று, முக்கியமானவை மூன்று. எங்கே வலிக்கிறது, எப்பொழுது வலிக்கிறது என்னும் இரு கேள்விகள் அவற்றைப் பிரித்தறிய உதவும்.

முதலாவது, எலும்பிலும் அதன் மேலுறையிலும் ஏற்படும் நோவு. கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே சென்றால், 5 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நீளத்திற்கு வலிக்கும். ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடேறியதும் குறைவதுண்டு.

இரண்டாவது, மயிரிழை போன்ற எலும்பு விரிசல். கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும். எலும்பும் அப்படித்தான். ஆனால் உயிருள்ள எலும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஓய்வின்றி ஓடினாலோ, சேதம் செப்பனிடுதலை மிஞ்சிவிடும். அப்போது விரல்நுனி அளவான ஓரிடத்தில் வலிக்கும். ஓட ஓட மிகும். முதல் சில வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இவ்விரிசல் பெரும்பாலும் தெரியாது; எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும். பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பு முற்றிலும் முறியவும் கூடும்.

மூன்றாவதில் இயற்பியல் இன்னும் தெளிவாகத் தெரியும். கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளில் அமைந்துள்ளன. அறையைச் சுற்றியுள்ள உறை எளிதில் விரியாது. ஓடும்போது இரத்தம் பாய்வதால் தசையின் பருமன் 20 விழுக்காடு வரை கூடலாம். இடம் போதாவிட்டால் என்னவாகும்? அழுத்தம் உயரும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்குண்ணும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே தூரம் ஓடியதும் வலி தொடங்கும்; பாதம் மரத்துப்போகலாம். நின்றால் சிறிது நேரத்தில் தணியும். ஆகவே, ஓய்வாக அமர்ந்திருப்பவரின் காலைப் பார்த்தால் குறை ஏதும் தெரியாது! மருத்துவர் அவரை ஓடச் செய்து, ஊசி செலுத்தித் தசையறையின் அழுத்தத்தை அளப்பார். 1990-ஆம் ஆண்டு பெடோவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட அளவுகள் இவை: ஓடுமுன் 15, ஓடி முடித்த 1 நிமிடத்தில் 30, 5 நிமிடத்தில் 20 மில்லிமீட்டர் பாதரசம். இவற்றுள் ஒன்றை எட்டினாலும் நோய் இருப்பதாகக் கொள்வர். ஆயினும் நோயாளி கூறும் வரலாற்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எனவே, கால் வலித்தால் குறித்து வையுங்கள்: எந்த இடம்? எத்தனை நிமிடத்தில் தொடங்கிற்று? எப்பொழுது தணிந்தது? மருத்துவருக்கு இக்குறிப்பே முதல் அளவீடு. ஓரிடத்தில் மட்டும் வலித்தாலும், இரவிலும் வலித்தாலும், உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். வலியைப் பொறுப்பது வீரமன்று; அதன் காரணத்தை அறிவதே அறிவு.