முகப்பில் நிற்கும் படமே படம்

ஓடிடி நிறுவனங்கள் தங்களிடம் எத்தனை ஆயிரம் படங்கள் இருக்கின்றன என்று விளம்பரம் செய்வதுண்டு. பார்ப்பவருக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் அதிகாரிகள் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதற்குச் சான்று. சந்தாதாரர்கள் பார்க்கும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் பரிந்துரைகளால் வருகிறது. தேடிப் பார்ப்பது மீதி 20 சதவீதம்தான். பத்து, இருபது தலைப்புகளைப் புரட்டியும் ஒன்றும் பிடிக்காவிட்டால், 60 முதல் 90 நொடிக்குள் பார்ப்பவருக்கு ஆர்வம் போய்விடுகிறது என்கிறது அதே கட்டுரை. ஆக, செயலியின் முகப்பில் வராத படம் பெரும்பாலோருக்கு இல்லாத படம்தான். முகப்பை அடுக்குகிறவர் செய்வது பத்திரிகை ஆசிரியரின் வேலை. ஆசிரியருக்கு உள்ள பொறுப்பும் அவருக்கு உண்டு என்பதே என் வாதம்.

இந்த அடுக்கலின் அடித்தளத்தில் மனித உழைப்பு இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் சம்பளம் கொடுத்து ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தையும் பார்க்கச் சொல்லிக் குறிப்பெழுத வைத்தது. காதல் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, நாயகனுக்கு என்ன தொழில், முடிவு தெளிவாக இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் அடங்கும். இவற்றைக் கோத்து அந்த நிறுவனம் உருவாக்கிய வகைகள் 76,897 என்று 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழ் எண்ணிக் காட்டியது. எந்த வரிசை, எந்தப் படம் யார் கண்ணில் முதலில் படவேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. படத்தின் அட்டைப்படம்கூட ஆளுக்கு ஆள் மாறும். 2017இல் நெட்ஃபிளிக்ஸே கொடுத்த உதாரணம் ‘குட் வில் ஹன்டிங்’. காதல் படம் பார்ப்பவருக்கு மேட் டேமனும் மின்னி டிரைவரும் சேர்ந்திருக்கும் படம்; நகைச்சுவை ரசிகருக்கு ராபின் வில்லியம்ஸின் முகம். சிரிக்கலாம் என்று உள்ளே போகிறவர் சந்திப்பதோ, மனைவியைப் பறிகொடுத்த ஓர் உளவியல் பேராசிரியரை! படம் நல்ல படம்தான். ஆனால், அட்டையைப் பார்த்து ஏமாறுவதற்கு இங்கே வழி இருக்கிறது.

“எனக்குப் பிடித்ததைத்தானே காட்டுகிறது, அதில் என்ன குற்றம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாரும் சீண்டாத சிறு படம் தன் ரசிகரைப் போய்ச் சேர்வதும் இதனால்தான். ஆனால் கணினிக்குப் பெரும்பாலும் தெரிந்தது நாம் நேற்றுப் பார்த்ததுதான். ஐந்து நட்சத்திரம் போட்ட ஆவணப்படத்தை விட்டுவிட்டு, மூன்று போட்ட நகைச்சுவைப் படத்தையே மக்கள் பார்த்தார்கள். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நட்சத்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் குறிக்கு மாறியதன் பின்னணியில் இதுவும் உண்டு. அலுத்துப்போன இரவில் எதைப் பார்க்கிறோமோ அதுதான் நம் ரசனை என்று முடிவு கட்டுவது சரியா? பார்க்கவேண்டும் என்று நினைக்கும் ஆசைக்கும் அதில் இடம் வேண்டாமா?

2007இல் தொடங்கிய மூபி என்ற ஓடிடி தளம் நீண்டகாலம் வேறு வழியில் நடந்தது. நாளுக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் 30 நாள், எப்போதும் 30 படங்கள்தான்; தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். இது மேட்டிமைத்தனம், சிலரின் ரசனையை மற்றவர் தலையில் கட்டுவது என்பார்கள். ஓரளவு உண்மை. 2020இல் மூபியே ஒரு பெரிய நூலகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தது. ஆனாலும் அங்கே ஒரு நாட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே பட்டியல் தெரிந்தது. பிடிக்காவிட்டால் சண்டை போடலாம். ஆளுக்கொரு முகப்பு என்றால், எது மறைக்கப்பட்டது என்பதே யாருக்கும் தெரியாது. கணினியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உள்ள படங்கள் அத்தனைக்கும் அகர வரிசைப் பட்டியல், ஒவ்வொரு படத்தின் உரிமமும் முடியும் தேதி, இது ஏன் என் முகப்பில் வந்தது என்று ஒரு வரி விளக்கம்: இந்த மூன்றையும் எந்த நிறுவனமும் தரமுடியும். சந்தா கட்டும் நாம் கேட்கவேண்டும். அதுவரை, செயலியைத் திறக்கும் முன்பே ஓர் இயக்குநர் பெயரை முடிவு செய்துகொண்டு தேடல் பெட்டியில் அடித்துப் பாருங்கள்.